பிரசாதத் தொன்னையும் நாயின் சிறுநீரகமும்

திருவண்ணாமலையில் பழத்துக்குப் பஞ்சமே கிடையாது. ராஜகோபுரத்துக்கு எதிரே அர்ச்சனைத் தட்டு வாங்கினால் தேங்காய், வெற்றிலை பாக்கு, ஊதுபத்தி, சூடத்தோடு வாழைப்பழமும் கட்டாயம் இருக்கும். பௌர்ணமி வந்துவிட்டால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகத் தள்ளுவண்டிகள். கோடையில் தர்பூசணியும் கிர்ணியும் மாங்காய்க் கீற்றும், மழைக்காலத்தில் சீத்தாப்பழம், ஆண்டு முழுக்க கொய்யாவும் வாழையும். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை தேங்காய் உடைத்துப் பழம் வைத்து வணங்கிவிட்டு நடக்கிறவர்கள், கையில் மிஞ்சியதை வழியில் எதிர்ப்படும் உயிருக்குக் கொடுப்பார்கள். மாட்டுக்குக் கொஞ்சம், குரங்குக்குக் கொஞ்சம். அப்புறம், கூடவே நடந்து வரும் நாய்க்கு.

அந்தப் பழம் நாய்க்கு ஆகுமா ஆகாதா என்று கேட்டால் ஊரில் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. லேப்ரடாரும் பக்கும் வளர்க்கும் வீடுகளில், பழமே கூடாது, டாக்டர் சொன்ன தீனி மட்டும்தான் என்பார்கள். கிரிவலப் பாதையில் கேட்டால், “சாமி பிரசாதம், தின்னா இன்னா ஆவப் போவுது?” என்பார்கள். இரண்டுமே அரைகுறையான பதில்கள். முதல் பதில், நாய்க்குச் சந்தோஷமும் கெடுதலில்லாத நீர்ச்சத்தும் தரக்கூடிய ஒரு துண்டுப் பழத்தை வீணாகத் தடுக்கிறது. இரண்டாவது பதில், உயிரையே வாங்கக்கூடிய ஒன்றிரண்டு பொருள்களை வாசல் திறந்து உள்ளே விடுகிறது. எந்தப் பழம் என்பதோடு, அந்தப் பழம் எந்த உருவில், எதனோடு கலந்து, எவ்வளவு வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். நம் ஊரில் பழம் பெரும்பாலும் பழமாக வருவதில்லை. சர்க்கரைப் பொங்கலில் கிஸ்மிஸாக, வீட்டுப் பஞ்சாமிர்தத்தில் கலவையாக, மிளகாய்த்தூள் தூவிய கீற்றாக, புளியோதரையில் கரைந்த புளியாக வருகிறது. புளியும் பழம்தான் என்பதை நாம் மறந்தே போய்விட்டோம்.

நாய்க்குப் பழத்தில் ஆசை வருவது இயற்கை. பூனையின் நாக்கு இனிப்பை உணராது. அதற்கு வேண்டிய மரபணு பூனையினத்தில் செயலிழந்து போனது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். நாயின் நாக்கில் அந்த மரபணு நன்றாகவே வேலை செய்கிறது. அதன் உறவான நரி இலந்தைப் பழத்தையும் நாவற்பழத்தையும் பொறுக்கித் தின்று வாழ்வதை நம் காட்டோரக் கிராமத்துக்காரர்கள் அறிவார்கள். மனிதரோடு சேர்ந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாயின் உடல் இன்னும் ஒரு படி மாறியது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதை ‘நேச்சர்’ இதழில் 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. சோறு தின்று வளர்ந்த நம் நாட்டு நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

ஆனால் ஆசை வேறு, தேவை வேறு. வைட்டமின் சி-க்காகப் பழம் கொடுக்கிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. நாய் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. பழம் அதற்கு மருந்தும் அல்ல, உணவும் அல்ல. எப்போதாவது கிடைக்கும் ஒரு பண்டம், அவ்வளவே. அந்த அளவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான பழங்களோடு பயமில்லாமல் பழகலாம்.

நாய்க்கு உணவிடுவதைக் கவனத்தோடு செய்த ஒரு மரபு இதே ஊரில் இருக்கிறது. ரமண மகரிஷி மலைமேல் விரூபாட்ச குகையிலும், 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்த காலத்திலேயே அவரைச் சுற்றி நாய்கள் இருந்தன. பி.வி. நரசிம்மசுவாமி 1931-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சின்னக் கருப்பன் என்று ஒரு நாய். கமலா என்று ஒரு நாய். புதிதாக வந்தவர்களை மலையின் குகைகளுக்கும் சுனைகளுக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுமாம். மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்த பிறகும் பந்தியில் நாய்களுக்கு முதலில் சோறு வைத்துவிட்டுத்தான் மனிதர்களுக்கு என்பது அவர் வைத்த முறை. 1948 ஜூன் 18 அன்று இறந்த பசு லட்சுமிக்கு ஆசிரமத்தில் சமாதி எழுப்பினார்கள் என்பது பலருக்கும் தெரியும். அதன் அருகிலேயே மான் வள்ளிக்கும், ஒரு காக்கைக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன.

இதைப் பக்திக் கதையாக மட்டும் படிக்க எனக்கு மனமில்லை. முதலில் வைப்பது என்றால் தனியாக வைப்பது. எச்சில் இலையை வழித்துப் போடுவதற்கும், இந்த உயிருக்கு இது என்று எடுத்து வைப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. நாயின் உடல்நலத்தைப் பொறுத்தவரை எல்லா வித்தியாசமும் அந்தத் தூரத்தில்தான் அடங்கியிருக்கிறது.

வாழைப்பழத்திலிருந்து தொடங்கலாம், இந்த ஊரில் நாய்க்கு அதிகம் கிடைப்பது அதுதான் என்பதால். தோலுரித்த வாழைப்பழம் நாய்க்கு நஞ்சு அல்ல. 100 கிராமில் ஏறத்தாழ 89 கலோரியும் 12 கிராம் சர்க்கரையும் இருக்கும். கால்நடை ஊட்டச்சத்து நிபுணர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒரு நாளின் மொத்த கலோரியில் பண்டங்கள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது. 15 கிலோ எடையுள்ள ஒரு நடுத்தர நாட்டு நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி போதும். பத்தில் ஒரு பங்கு 85. அதாவது ஏலக்கி வாழைப்பழம் இரண்டு தின்றால் அன்றைய பண்டக் கணக்கு முடிந்தது. பிஸ்கட்டும் கிடையாது, வர்க்கியும் கிடையாது. 8 கிலோ பக் நாய்க்கு ஒரே ஒரு ஏலக்கி. பௌர்ணமி இரவில் ஆளுக்கு ஒரு பழம் என்று நூறு பேர் கொடுத்தால் கிரிவலப் பாதை நாய் எத்தனை தின்னும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் கொடுத்தது தவறில்லை. அத்தனை பேரும் கொடுத்தது மறுநாள் பேதியாகிறது. நீரிழிவு உள்ள நாய்க்கு இந்தச் சர்க்கரை ஆகாது. சிறுநீரகம் பழுதான நாய்க்கு வாழையின் பொட்டாசியம் ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் அவற்றுக்கு எந்தப் பழமும் வேண்டாம்.

அர்ச்சனைத் தட்டில் வந்த வாழைப்பழத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊதுபத்தியை நாம் வாழைப்பழத்தில்தான் குத்தி வைக்கிறோம். பத்தி எரிந்து முடிந்தபின் மூங்கில் குச்சியின் முனை பழத்துக்குள்ளேயே நிற்கும். மென்று தின்னும் மாட்டின் வாய்க்கும், அப்படியே விழுங்கும் நாயின் வாய்க்கும் வேறுபாடு இருக்கிறது. குச்சி தொண்டையிலோ குடலிலோ குத்தலாம். பழத்தோடு ஒட்டிக்கிடக்கும் சூடத்துண்டு இன்னும் மோசம். கற்பூரம் நாய்க்கு நஞ்சு, சிறிதளவே வாந்தியையும் அளவு கூடினால் வலிப்பையும் உண்டாக்கும். கேரி பையோடு எறிந்துவிட்டுப் போகும் பழத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழ வாசனை ஊறிய பிளாஸ்டிக்கை நாய் பழமென்றே நினைக்கிறது. ஆகவே கையிலிருக்கும் பழத்தைப் பிட்டுப் பார்த்து, தோலை நீக்கி, வெறும் சதையை மட்டும் கொடுங்கள்.

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

திராட்சை நாயைக் கொல்லும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உலகத்துக்கே அது தெரிய வந்து ஒரு தலைமுறைதான் ஆகிறது. அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் நடத்தும் நச்சு உதவி மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோதுதான், திராட்சையோ உலர்திராட்சையோ தின்ற நாய்கள் சில நாள்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்து போவது புலப்பட்டது. 2001-இல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை எழுதினார்கள். அப்போதும் காரணம் விளங்கவில்லை. ஒரு நாய் ஒரு குலையைத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டு திரியும். இன்னொன்று ஒரு பிடி தின்று செத்துப்போகும். பூச்சிமருந்தா, பூஞ்சையா, விதையா என்று இருபது ஆண்டுகள் தேடினார்கள்.

விடைக்கு வழிகாட்டியது திராட்சையே இல்லாத ஒரு சம்பவம். குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த மாவை ஒரு நாய் தின்றுவிட்டது. அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பை நிறையச் சேர்த்திருந்தார்கள். நாய்க்கு வந்த நோயோ திராட்சை தின்ற நாய்க்கு வருவதேதான். அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு, திராட்சையின் நஞ்சு டார்டாரிக் அமிலமும் அதன் பொட்டாசியம் உப்புமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2021-இல் அந்த மையத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் முன்மொழிந்தார்கள். ரகத்துக்கு ரகம், காய்க்கும் பழத்துக்கும், நிலத்துக்கு நிலம் அந்த அமிலத்தின் அளவு மாறும். ஒரு நாய் பிழைப்பதும் ஒரு நாய் சாவதும் ஏன் என்பதற்கு அதில் விளக்கம் கிடைத்தது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரக உயிரணுக்களைச் சிதைத்தது. மனிதச் சிறுநீரக உயிரணுக்களை ஒன்றும் செய்யவில்லை. மனித உயிரணுவில் உள்ள ஒரு கடத்துப் புரதத்தை நாயின் உயிரணுவில் ஏற்றியபோது அதுவும் பிழைத்தது. நாம் தின்று செரிப்பதை நாய் ஏன் தாங்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த 2021 முன்மொழிவின் தொடர்ச்சியாக 2022-இல் வெளிவந்த கட்டுரையைத்தான் தமிழ்நாட்டில் நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். புளி தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகச் செயலிழப்பு வந்ததை அது பதிவு செய்தது. உண்ணும் பழங்களில் டார்டாரிக் அமிலம் மிக அதிகமாக உள்ளது புளியில்தான். சதையில் 8 முதல் 18 விழுக்காடு வரை இருக்கும். திராட்சையில் அது பெரும்பாலும் 1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோய் வந்ததாகப் பதிவான சம்பவங்களில் மிகக் குறைந்த அளவு, நாயின் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 கிராம் திராட்சை. உலர்திராட்சை என்றால் 3 கிராமுக்கும் கீழே. 10 கிலோ நாய்க்கு 200 கிராம் திராட்சை, அல்லது ஒரு கைப்பிடி கிஸ்மிஸ். அந்த 200 கிராம் திராட்சையில் 2 கிராம் அளவுக்கு டார்டாரிக் அமிலம் இருக்கலாம். சாம்பாருக்கு நாம் ஊறவைக்கும் எலுமிச்சையளவு புளி ஏறத்தாழ 30 கிராம். அதில் இரண்டரை கிராமிலிருந்து 5 கிராம் வரை அதே அமிலம் இருக்கிறது. நம் சமையலறையில் பானை நிறைய இருக்கும் பொருள் இது. திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் மாசி பங்குனியில் புளி உலுக்கி, திண்ணையில் குவித்து, ஓடு தட்டிக் கொட்டை எடுக்கும்போது வீட்டு நாய் பக்கத்திலேயே படுத்திருக்கும். வெறும் புளியை நாய் விரும்பாது என்பது நம் அதிர்ஷ்டம். வெல்லம் கலந்து உருட்டிய புளி மிட்டாயை விரும்பும்.

பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஒரு வாய் ரசம் சோறு தின்றதால் நாய் செத்துவிடாது. தலைமுறை தலைமுறையாக நம் நாய்கள் குழம்பு சோற்றில்தான் வளர்ந்திருக்கின்றன. ஒரு தொன்னைப் புளியோதரையில் இருக்கும் புளி சில கிராம்தான். ஆனால் அன்னதானம் முடிந்த இடத்தில் ஒரு தொன்னையோடு நிற்பதில்லை. பத்துத் தொன்னை வழித்த நாய்க்குக் கணக்கு மாறிவிடும். அதுவே 3 கிலோ குட்டியாக இருந்தால் இரண்டு தொன்னையிலேயே மாறிவிடும். எவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்று திராட்சைக்கோ புளிக்கோ வரையறுத்த எல்லை எதுவும் கிடையாது. எல்லை இல்லாதபோது செய்யத் தகுந்தது, அறிந்தே கொடுக்காமல் இருப்பது.

இப்போது பிரசாதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். சர்க்கரைப் பொங்கலில் கிஸ்மிஸ். கேசரியில் கிஸ்மிஸ். பாயசத்தில் கிஸ்மிஸ். பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பார்த்து வீட்டில் செய்பவர்கள் வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சையோடு உலர்திராட்சையும் தாராளமாகச் சேர்ப்பார்கள். தேய்பிறை அஷ்டமியன்று பைரவரை வேண்டிக்கொண்டு, அவர் வாகனம் என்ற அன்பில் தெரு நாய்களைத் தேடிப்போய் இனிப்புப் பொங்கல் வைக்கிறவர்களை நான் மனதாரப் போற்றுகிறேன். அந்தப் பொங்கலில் கிஸ்மிஸும் பச்சைக் கற்பூரமும் வேண்டாம், நெய்யும் குறைவாகப் போதும் என்பதே அவர்களிடம் என் வேண்டுகோள். பைரவருக்குப் படைப்பது ஒரு பாத்திரத்தில், நாய்க்கு வைப்பது இன்னொரு பாத்திரத்தில் இருக்கட்டும்.

விதைகளும் கொட்டைகளும் தனி அத்தியாயம். மாம்பழச் சதை நாய்க்கு நல்லதே, தோல் நீக்கிச் சில துண்டு கொடுக்கலாம். மாங்கொட்டை மட்டும் எந்த நாளும் வேண்டாம். சப்பிப் போட்ட கொட்டையை விழுங்கிய நாய்க்குக் குடல் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை. வீட்டில் மாம்பழம் சாப்பிட்டு முடித்ததும் கொட்டைகளை மூடி போட்ட தொட்டியில் போடுவது, வீட்டு நாயோடு தெரு நாயையும் காப்பாற்றும். சீத்தாப்பழம் இந்த வட்டாரத்து மலைச்சரிவுகளில் தானாகவே விளைவது. சதை இனிப்பு, ஆனால் விதை நஞ்சு. அந்த விதையை அரைத்துத் தலைப்பேனுக்குப் பூசுகிறோம், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று எச்சரித்துக்கொண்டே பூசுகிறோம். சதையை ஒட்டிக்கொண்டு அத்தனை விதை இருக்கும்போது நாய்க்கு அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? விட்டுவிடுவதே நல்லது. சப்போட்டா விதையின் ஒரு முனையில் கொக்கி போன்ற கூர் உண்டு. நன்றாகப் பழுத்த பழத்தில் விதையை எடுத்துவிட்டு ஒரு துண்டு கொடுக்கலாம், பால் வடியும் காய் கூடாது. ஆப்பிளில் நடுத்தண்டும் விதையும் கூடாது, சதை நல்லது. நாவற்கொட்டையும் பேரீச்சங்கொட்டையும் சிறு நாய்களின் தொண்டைக்கு ஆகாது. கொய்யா, பப்பாளி இரண்டும் நல்ல பண்டங்கள். கொய்யாவின் கடின விதைப் பகுதியை நீக்கிவிட்டு, பப்பாளியின் விதைகளை முழுக்க வழித்தெறிந்துவிட்டுக் கொடுத்தால் போதும். ஜவ்வாது மலைப் பலாச்சுளை ஒன்றைக் கிள்ளிக் கொடுப்பதில் தவறில்லை. கொட்டையும் சடையும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த ஊரின் கோடைக்கு நாய்க்கு ஏற்ற பழம் தர்பூசணிதான். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர், 100 கிராமுக்கு 30 கலோரிதான். பாறைமலையின் சூடு இரவிலும் அடங்காத சித்திரை வைகாசியில், விதை நீக்கிய இரண்டு மூன்று துண்டு, ஃப்ரிட்ஜில் வைத்தது என்றாலும் சரி, நாய் ஆவலோடு தின்னும். பச்சைத் தோலைக் கொடுக்காதீர்கள், அது செரிக்காது. பழக்கடைக்காரர் குவித்துவிட்டுப் போகும் தோல்களைத்தான் தெரு நாய் நக்கிக்கொண்டிருக்கும். அதில் மிளகாய்த்தூளும் உப்பும் ஒட்டியிருக்கும். அன்னாசிக் கீற்றுக்கும் மாங்காய்க் கீற்றுக்கும் இதே கதை. பழத்தில் குற்றமில்லை, மேலே தூவியதில்தான் குற்றம். தாகத்தோடு இருக்கும் நாய்க்கு உப்பு கூடுதல் சுமை. ஜூஸ் கடையில் மிஞ்சியதும் அப்படியே, பழத்தைவிட அதில் சர்க்கரைதான் அதிகம். நாய்க்குத் தண்ணீரே போதும். கிரிவலப் பாதையில் ஒரு தொட்டியில் தண்ணீர் வைப்பவர் பழம் கொடுப்பவரைவிடப் பெரிய புண்ணியம் செய்கிறார்.

சிதறு தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தை. சில்லு ஒன்று தின்றால் பாதகமில்லை. கொழுப்பு அதிகம் என்பதால் நிறையத் தின்ற நாய்க்கு வயிறு கழியும், சிலவற்றுக்குக் கணையமே வீங்கும். ஓட்டோடு கிடக்கும் கூரான சில்லு வாயைக் கிழிக்கும். எலுமிச்சையை நாயே ஒதுக்கிவிடும். ஆரஞ்சுச் சுளை ஒன்றிரண்டு சரி, தோல் கூடாது. மாதுளை முத்துகள் பல நாய்களுக்கு வாந்தியைக் கொண்டுவரும்.

வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் அறிவுரை ஒன்றாக இருக்க முடியாது. வீட்டு நாய் என்ன தின்றது என்று நமக்குத் தெரியும், மறுநாள் மலத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டதா என்றும் தெரியும். புதுப் பழத்தை முதல்முறை சிறு துண்டாகக் கொடுத்து ஒரு நாள் பொறுக்கலாம். தெரு நாய்க்கு முன்னால் யார் என்ன போட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது. அது வாந்தி எடுத்தாலும் பார்க்க ஆளில்லை. செங்கம் சாலையில் லெஸ்லி ராபின்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கிய அருணாச்சலா விலங்குகள் சரணாலயம் போன்ற ஓர் இடம் இந்த ஊருக்கு வாய்த்தது பெரும் பேறு. ஆனால் ஊரின் எல்லா நாயையும் ஒரு நிலையம் கவனிக்க முடியாது. ஆகவே தெரு நாய்க்குப் பழமாகக் கொடுப்பதைவிட வெறுஞ்சோறோ தயிர்சோறோ கொடுப்பது மேல். எங்கே கொடுப்பது என்பதும் இப்போது சட்டத்தின் கேள்வியாகிவிட்டது. தெரு நாய்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் ஒதுக்கும் இடங்களில் மட்டுமே உணவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று உத்தரவிட்டது. கூட்டம் நெரியும் பாதையில் உணவு போட்டு நாய்களைச் சண்டைக்கு இழுப்பது நடப்பவருக்கும் ஆபத்து, நாய்க்கும் ஆபத்து. இதில் நீதிமன்றத்தோடு எனக்கு உடன்பாடுதான். இடம் ஒதுக்கும் வேலையை உள்ளாட்சிகள் உடனே செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

திராட்சையோ கிஸ்மிஸோ புளியோ கணிசமாகத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். வாந்தி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தொடங்கும். அடுத்து சோர்வு, பசியின்மை. இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறையும், நின்றும் போகும். நின்ற பிறகு பிழைப்பது அரிது. தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் வாந்தி எடுக்க வைப்பார், தேவைப்பட்டால் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றுவார், ரத்தத்தில் கிரியாட்டினின் அளவை மூன்று நாள் வரை பார்ப்பார். விலை உயர்ந்த மருந்தொன்றும் இல்லை, நேரம்தான் மருந்து. வழி தெரியாதவர்கள் 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழைக்கலாம். நம் வீடுகளில் உடனே செய்வது உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாந்தி வராமல் போனால் அந்த உப்பே மூளையைத் தாக்கி நாயைக் கொன்றுவிடும். மோர், மஞ்சள், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற நான்கு தகவலோடு போனால் மருத்துவரின் வேலை பாதி முடிந்தது.

அன்னதானம் செய்கிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பெரிய அண்டாவில் சோறு வடித்து ஆறவிட்டு, அதன்மேல் புளிக்காய்ச்சலைக் கொட்டிக் கிளறுகிறீர்கள். கொட்டுவதற்கு முன்னால் ஒரு வாளி வெறுஞ்சோற்றைத் தனியே எடுத்து மூடி வையுங்கள். உப்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபின், பாதையை விட்டு விலகிய ஓரிடத்தில் பாக்குமட்டைத் தட்டுகளில் அதைப் பிரித்து வைத்துப் பக்கத்தில் தண்ணீரும் வைக்கலாம். எச்சில் தொன்னைகளை நாய் எட்டாத மூடிய தொட்டியில் போட ஓர் ஆளை நிறுத்தலாம். சர்க்கரைப் பொங்கலுக்குத் தாளிக்கும்போது முந்திரியை மட்டும் வறுத்துப் போட்டால் ருசி ஒன்றும் குறையாது.